கூந்தல் மாளிகையின் கடைசிப் பக்கம்

அந்தச் சீப்பில் ஒரு பல் உடைந்திருந்தது என்று நாகவல்லிக்குச் சொன்னது நான்தானே. ஓரத்திலிருந்து மூன்றாவது பல் என்றுகூடச் சொன்னேனே. அதையும் விட்டுவைக்கவில்லை பார்.

இப்படி நினைத்துக்கொண்டே அருள்செல்வி, மேஜைக்கு எதிரே நின்று பேசிக்கொண்டிருந்த முத்தம்மாளைப் பார்த்துத் தலையாட்டினாள். முத்தம்மாள் பின் தெருக்காரி. புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கதை முழுவதையும் ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் அடுத்த புத்தகத்தில் கை வைப்பாள். இன்று அவள் கொண்டுவந்து போட்டது 'கூந்தல் மாளிகை.'

"இன்னாக்கா கதை இது? நாலு நாளா தலை பின்ன முடியல. சீப்பை எடுத்தாலே கீழே வெச்சிடறேன். செத்துப்போனவ முடி எப்பிடிக்கா வளரும்?"

"கதைதானே, முத்தம்மா."

"கதைன்னா கடைசில சொல்லணும்ல. எவனாச்சும் கடத்தல்காரன் மாளிகைல ஒளிஞ்சிகினு, ஊரைப் பயமுறுத்தறதுக்கு சவுரி முடியைத் தொங்க உட்டான்னு வரும், போலீசு வந்து புடிப்பாங்கன்னு பாத்தா, ஒருத்தனும் வரல. அந்தப் பொண்ணு சீப்பை வாங்கிகினு உள்ளே போயிடுது. அவ்ளோதான். மீதிப் பக்கத்தை எவனோ கிழிச்சிட்டான்னு நெனச்சேன்."

"யாரும் கிழிக்கல. அதோட முடியுது."

"எழுதினவளுக்குக் கொஞ்சம் மறை கழண்டிருக்கும்போல."

அருள்செல்விக்கு நெஞ்சுக்குள் எங்கோ வெல்லம் கரைந்ததுபோல் இருந்தது. முத்தம்மாளுக்கு அன்றைக்கு, புதிதாக வந்த குடும்பக் கதை ஒன்றை, வரிசையில் காத்திருந்தவர்களை எல்லாம் தாண்டி எடுத்துக் கொடுத்தாள்.

சேக்காட்டில் அவள் வீட்டு முன்னறைதான் 'செல்வி வாடகை நூல் நிலையம்.' அலமாரிகளை அவள் கணவன் பாஸ்கல், தொழிற்சாலையில் ஏலம் விட்ட பெட்டிப் பலகைகளை வாங்கிவந்து அடித்துக் கொடுத்திருந்தான். சில பலகைகளில் இன்னும் 'கவனமாகக் கையாளவும்' என்று இங்கிலீஷில் மை அழியாமல் இருந்தது. மாலைச் சங்கு ஊதியதும் ஷிப்டு முடிந்தவர்களும், அடுப்பில் உலை வைத்துவிட்டு ஓடிவரும் பெண்களுமாக அறை நிரம்பிவிடும்.

புத்தகத்தில் எழுதக் கூடாது என்று சுவரில் அட்டை தொங்கினாலும் எல்லோரும் எழுதினார்கள். படித்து முடித்தவர்கள் கடைசியில் இருக்கும் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் தீர்ப்பு எழுதுவார்கள். 'அருமை.' 'அறுவை.' 'கதாநாயகியைக் கொன்றது அநியாயம்.' எடுக்க வருபவர்களும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். திரும்பி வந்த புத்தகங்களை மடியில் போட்டுக்கொண்டு ரப்பரால் அந்தத் தீர்ப்புகளை அழிப்பது அருள்செல்வியின் அன்றாட வேலைகளில் ஒன்று. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

'கூந்தல் மாளிகை'யை எழுதிய நாகவல்லி அவளோடு கான்வென்ட் பள்ளியில் படித்தவள். கோவில்பதாகையிலிருந்து நடந்து வருவாள். அவள் அப்பாவும் அம்மாவும் அப்போது பிறத்தியார் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் இருவரும் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். கதை எழுதுகிறவள் அருள்செல்வி. அதை அழகான கையெழுத்தில் படியெடுத்து, ஓரத்தில் கொடியும் பூவும் வரைகிறவள் நாகவல்லி. சிஸ்டர்கள் பத்திரிகையைக் கையில் எடுத்தால் கதையைப் படித்துவிட்டு அருள்செல்வியின் கன்னத்தைத் தட்டுவார்கள். நாகவல்லி பக்கத்தில் மை படிந்த விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

அந்த நாகவல்லி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டு, வீட்டில் மாமியாருக்கும் புருஷனுக்கும் வடித்துக் கொட்டிக்கொண்டு, எந்த நேரத்திலோ உட்கார்ந்து ஒரு நாவல் எழுதிவிட்டாள். அது அச்சாகி, கெட்டி அட்டை போட்டு வந்தும்விட்டது. முதல் பிரதியைத் தூக்கிக்கொண்டு அவள் நேரே இங்கேதான் ஓடிவந்தாள். முன் பக்கத்தில், 'அருளுக்கு, நீ இல்லாமல் இது இல்லை' என்று அதே கொடிப் பூ வரைந்து எழுதியிருந்தாள்.

அவள் போன பிறகு அருள்செல்வி வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நூல் நிலைய விதிகள் அச்சடித்த தாளை எடுத்து, பசை தடவி, அதன்மேல் ஒட்டினாள். பழுப்புக் காகித அட்டை போட்டு, எண் எழுதி, வாடகைப் புத்தகங்களோடு செருகிவிட்டாள்.

கதையும் சாதாரணக் கதை இல்லை. கடற்கரையில் உப்புப் பூத்த சுவர்களோடு ஒரு பழைய மாளிகை. அதற்குப் புது மருமகளாக ஒரு பெண் வருகிறாள். பூட்டிய அறைகளில் அந்த வீட்டில் செத்துப்போன பெண்களின் கூந்தல் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கதவிடுக்கு வழியாக வெளியே ஊர்ந்து வருகிறது. எப்போதும் ஈரமாக இருக்கிறது. அதை யாராவது வாரிக்கொண்டே இருக்க வேண்டும்; வாராவிட்டால் அது அழ ஆரம்பித்துவிடும். மாமியார் வாரி வாரிக் கை ஓய்ந்து, ஒரு பல் உடைந்த கொம்புச் சீப்பை மருமகளிடம் நீட்டுகிறாள். ஓடிப்போகக் கதவு திறந்தே கிடக்கிறது. மருமகள் சீப்பை வாங்கிக்கொள்கிறாள்.

அருள்செல்வியின் அம்மா டைபாய்டில் இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. சவப்பெட்டிக்குள் வைப்பதற்கு முன் தலைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, 'பொண்ணு வாரட்டும்' என்று அவள் கையில் சீப்பைக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வரை கூந்தல். துவட்டத் துவட்ட நீர் வடிந்துகொண்டே இருந்தது. வாரி முடித்துவிட்டால் பெட்டியை மூடிவிடுவார்கள் என்று தெரிந்ததால் அவள் வாரிக்கொண்டே இருந்தாள். யாரோ வந்து சீப்பைப் பிடுங்கினார்கள்.

இதை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில், சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு நாகவல்லி அதைக் கேட்டாள். பிறகு அருள்செல்வியின் பின்னலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

திருடிவிட்டாள் என்று இருந்தால் கோபம் வந்திருக்கும். கோபம் வந்திருந்தால் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். அதுவும் முடியவில்லை. அந்த ஈரக் கூந்தலை எழுத அருள்செல்வி எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அது ஒரு பாவப்பட்ட சிறுமியின் கதையாகி, இரண்டாம் பக்கத்திலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. நாகவல்லி அதே கூந்தலை எடுத்து ஒரு வீடு முழுக்க வளரவிட்டிருந்தாள். படிக்கும்போது அருள்செல்விக்குத் தலைமுடி சிலிர்த்தது. பதினொரு வயதில் சீப்பைப் பிடுங்கிய கை யாருடையது என்று இத்தனை வருஷமாகத் தெரியாமல் இருந்தது, அதைப் படித்தபோது அத்தையின் வளையல் கை என்று பளிச்சென்று தெரிந்தது. என் கைக்கு அடங்காத ஒன்று இவள் கைக்கு எப்படி அடங்கிற்று? படியெடுத்துக்கொண்டு இருந்தவள்தானே?

முதலில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் போன யாரோ, கடைசிப் பக்கத்தில் 'சுத்தக் குப்பை' என்று எழுதியிருந்தார்கள். அருள்செல்வி ரப்பரை எடுத்தாள். அப்போது வாசலில் ஆள் வரவே, அப்படியே வைத்துவிட்டாள். அடுத்து எடுத்துப் போனவர் ஜானகிராமன். தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் இருப்பவர். இங்கிலீஷிலும் நிறையப் படிப்பவர். அவர் சின்ன எழுத்தில், 'இருட்டை இவ்வளவு அழகாகத் தமிழில் நான் படித்ததில்லை' என்று எழுதியிருந்தார். அருள்செல்வி வழக்கம்போல ரப்பரை எடுத்து அதை அழித்தாள். துகளை ஊதினாள். அதற்கு மேலே 'சுத்தக் குப்பை' இருந்தது. அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

அன்று நடந்தது மறதி என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதன் பிறகு நடந்ததற்கு அந்தப் பெயரும் இல்லை. 'எழுதியவரைக் கீழ்ப்பாக்கம் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும்' இருந்தது. 'படித்த பிறகு இரண்டு நாள் தூங்கவில்லை, மறுபடியும் எடுப்பேன்' போயிற்று. 'தலையும் இல்லை வாலும் இல்லை, மயிர் மட்டும் இருக்கிறது' இருந்தது. 'என் மாமியாரைப் பற்றி இந்த அம்மாளுக்கு யார் சொன்னது?' போயிற்று. போனவை எல்லாம் பக்கத்திலிருந்துதான் போயின. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டிருக்கும்போதுகூட அவை ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. திட்டியவர்கள் எழுதியதில் ஒரு வரிகூட அவளுக்கு ஞாபகம் இருப்பதில்லை. புத்தகத்தைத் திறந்து பார்த்துத்தான் சந்தோஷப்பட வேண்டியிருந்தது.

ஜானகிராமன் ஒரு நாள் வேறு புத்தகம் தேடும்போது அதைப் புரட்டிப் பார்த்தார்.

"நான் எழுதினது காணுமே?"

"எழுதக் கூடாதுன்னு போட்டிருக்கே, சார்."

"மத்ததெல்லாம் இருக்கே."

"ஒவ்வொண்ணா அழிக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஓகோ. நல்லதுலேர்ந்து ஆரம்பிச்சிருக்கேள்" என்றார். அருள்செல்வி அவர் கொடுத்த புத்தகத்துக்கு முத்திரை குத்துவதில் மும்முரமாக இருந்தாள்.

இவ்வளவு வசை இருந்தால் ஒருத்தரும் தொட மாட்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். நடந்தது வேறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற துலுக்கானம் ஒரு மாலை அந்தக் கடைசிப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இத்தையே எடுத்துக்கிறேன், அக்கா."

"அது நல்லா இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே."

"இத்தினி பேரு மெனக்கெட்டு உக்காந்து திட்டிகீறான்னா உள்ளே இன்னாமோ கீதுக்கா. ஒண்ணும் இல்லாத புக்கை எவன் திட்டுவான்?"

அதற்கப்புறம் 'கூந்தல் மாளிகை' அலமாரியில் தங்கவே இல்லை. ஒருவர் கொண்டுவந்து வைப்பதற்கு முன்னால் இன்னொருவர் கை நீட்டினார். இந்த அற்பத்தனத்தையும் நாகவல்லிக்குச் சாதகமாகவே செய்து கொடுத்திருக்கிறேன் என்று அருள்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துலுக்கானம் புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது பெஞ்சில்கூட உட்காரவில்லை. அவன் போனதும் அவள் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். எண்ணெய் விரல் பதிந்த இடத்தில், பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தான். 'முடி வாரும் இடம் வந்தப்போ எங்கம்மா ஞாபகம். அன்னிக்கு நான் அழவில்லை. இன்னிக்கு அழுதேன். து.'

அவள் அதைப் பலமுறை படித்தாள். அவன் அழுதது என் அம்மாவுக்காக. அது அவனுக்குத் தெரியாது. நாகவல்லிக்குத்தான் அந்தக் கண்ணீர் போய்ச் சேரும். ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். அவன் அழுத்தி எழுதியிருந்ததால் தடம் போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். தாள் நொந்து, சுருண்டு, அந்த இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு புத்தகத்தை அலமாரியில் வைக்கவில்லை. யார் கேட்டாலும் வெளியே போயிருக்கிறது என்றாள். அது அவள் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வந்து கதவைத் திறந்து வைத்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டதால் ஆள் இல்லை. குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு நாகவல்லி உள்ளே வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் இருந்தது. புடவைத் தலைப்பால் கூந்தலைத் துவட்டிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி அருளு, கடையில ஈ ஓட்டிகினு கீறே?"

"மழை இல்ல? காபி போடட்டா?"

"வாணாம், உக்காரு. எங்க மாமியா இன்னா பண்ணுது தெரியுமா? நான் தலை சீவ உக்காந்தா எதிர்ல வந்து உக்காந்துகினு என்னையே பாக்குது. எவளோ கதையை அதுக்குச் சொல்லிட்டா. இப்ப ஊட்டுல சீப்பு எல்லாத்தையும் ஒளிச்சி வெச்சிகீது."

அருள்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சிரித்தார்கள். நாகவல்லி தலைப்பை முறுக்கித் தண்ணீரைப் பிழிந்தாள்.

"அடுத்தது ஒண்ணு பாதி எழுதிகீறேண்டி" என்றாள் நாகவல்லி. குரல் இறங்கியிருந்தது. "இதைவிட இருட்டு. ஊட்டுக்காரரு பேப்பரைப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கிறாரு. பதிப்பகத்துல இருந்து ஒரு கடுதாசி கெடயாது. எத்தினி வித்துது, யாரு படிச்சா, ஒண்ணும் தெரியல. கெணத்துல கல்லைப் போட்டுட்டு சத்தம் வருமான்னு காத்துகினு இருக்கற மாதிரி கீது. நேத்து துலுக்கானம் அண்ணாத்தே எங்க கம்பெனி வாசல்ல நிறுத்திச் சொன்னாரு, உன் ஊட்டுல கீற புக்குல கடைசிப் பக்கம் பூரா எழுதிகீறாங்களாமே. தானும் எழுதினேன்னாரு. இன்னா எழுதினீங்கன்னா சொல்ல மாட்டேன்றாரு. போய்ப் பாத்துக்கோம்மான்றாரு."

அருள்செல்வி மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தாள். அவள் முழங்கால் இழுப்பறையில் பட்டுக்கொண்டிருந்தது.

"எட்த்துக் குடு. பாத்துட்டு முடிவு பண்ணிடறேன். வாணாம்னு சொல்லியிருந்தா எழுதினதை எல்லாம் அடுப்புல போட்டுட்டு, எல்லாப் பொம்பளைங்களாட்டம் நிம்மதியா இருப்பேன். நல்லாகீதுன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா போதும், முடிச்சிடுவேன்."

அருள்செல்வி இழுப்பறையைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். அட்டை நாகவல்லிக்கும், கடைசிப் பக்கம் தனக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு திறந்தாள். 'சுத்தக் குப்பை' முதல் 'கீழ்ப்பாக்கம்' வரை எல்லாம் இருந்தன. நடுவில் ஓட்டை இருந்தது. தாளைக் கொஞ்சம் தூக்கியபோது அதன் வழியாக நாகவல்லியின் பச்சைப் புடவை தெரிந்தது.

நீட்டினால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. இத்தனை மாதமாக ரப்பரை வைத்துக்கொண்டு நான் செய்துவந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. இவள் படிப்பாள். முகம் சுருங்கும். எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, அந்தப் பாதி நாவலை அடுப்பில் வைப்பாள். நாளையிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றுதான். எழுதாத இரண்டு பெண்கள். தலைப்பால் முடியைத் துவட்டிக்கொண்டு மாமியார் கதை பேசலாம்.

அந்தப் பாதி நாவலில் என்ன இருக்கும் என்ற எண்ணம், அவள் கூப்பிடாமலே உள்ளே வந்தது. இதைவிட இருட்டு என்றாளே. எப்படிப்பட்ட இருட்டு? அந்த மருமகள் உள்ளே போன பிறகு என்ன ஆனாள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியுமா? தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"இன்னாடி?" என்றாள் நாகவல்லி. "அவ்ளோ மோசமாவா எழுதிகீறாங்க?"

அருள்செல்வி பழுப்பு அட்டையின் ஓரத்தை நிமிண்டினாள்.

"சரி, அவங்களை உடு. நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லல நீ. நானும் கேக்கல. சீப்பை நான் எட்த்துகினேன்னு நீ கோவமா இருப்பேன்னு தெரியும். கேக்க பயம்."

"கோவம் இல்ல."

நாகவல்லி அவளை உற்றுப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் கன்னத்தைத் தட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்த அதே பார்வை. அந்தப் பார்வைக்குள் என்ன இருந்தது என்று அருள்செல்வி அந்த நாளில் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

"பின்னே இன்னா?" என்று மெல்லக் கேட்டாள் நாகவல்லி. உதட்டோரத்தில் விளையாட்டுப்போல ஒரு சிரிப்பு இருந்தது. "பொறாமையா?"

மழை ஓட்டுச் சரிவிலிருந்து வாசலில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. அருள்செல்வி அதைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

நாகவல்லியின் சிரிப்பு நின்றது. அவள் கையில் இருந்த தலைப்பு மடியில் நழுவியது. கண்கள் ஈரமானதுபோல் இருந்தது. மழைத் தண்ணீராகவும் இருக்கலாம். பிறகு எழுந்து மேஜை அருகே வந்து கையை நீட்டினாள்.

"குடுடி. நீயே பொறாமைப்பட்டுட்டே, இனிமே அவங்க இன்னா எழுதியிருந்தா இன்னா? சிரிச்சிட்டுப் போயிடறேன்."

அருள்செல்வி புத்தகத்தை இழுப்பறைக்குள் வைத்தாள். மெதுவாகத் தள்ளி மூடினாள்.

"இல்ல, நாகு. இது குடுக்கறதுக்கு இல்ல."